கடல் கடந்து வந்த மாணவி

குற்றாலத்தில் சாரல் தொடங்குவதும் பள்ளிகள் திறப்பதும் ஏறத்தாழ ஒரே காலத்தில்தான். ஆனி பிறக்கும் வேளையில் தென்காசி வீதிகளில், ஒரு கையில் குடையும் மறு கையில் மூன்று வயதுக் குழந்தையுமாகத் தாய்மார் விரைவதைக் காணலாம். குழந்தை அழுகிறது, தாயின் கண்ணும் கலங்குகிறது. மாலையில் வீடு திரும்பியதும் தந்தை கேட்கும் முதற் கேள்வி, "இன்று என்ன எழுதினாய்?" என்பதே. ஒரு மாதம் கழிந்தும் ஏட்டில் 'அ' என்னும் எழுத்து தென்படவில்லையெனில் பள்ளியின் மீது ஐயம் பிறக்கிறது. இன்னும் ஒரு மாதம் கழிந்தால் குழந்தையின் மீதே ஐயம் பிறந்துவிடுகிறது.

இக்கேள்வி நல்லெண்ணத்தில் பிறப்பதுதான். வயலிலும் கடையிலும் பீடிச் சுளகின் முன்னும் உழைத்துக் கட்டணம் செலுத்தும் பெற்றோர், தம் பணம் வீண் போகவில்லை என்பதற்குச் சான்று தேடுகின்றனர். ஏட்டில் எழுதப்பட்ட எழுத்தைவிடக் கண்ணுக்குப் புலப்படும் சான்று வேறென்ன உண்டு? ஆயினும், அச்சான்றுக்காக ஒரு மூன்று வயதுக் குழந்தை கொடுக்கும் விலை யாது என்பதை நாம் சிந்தித்ததுண்டா? சிறு குழந்தை எவ்வாறு கற்கிறது என்பதை அறியக் கடல் கடந்து சென்ற ஆசிரியைகள் பலர். அதை அறியக் கடல் கடந்து நம் நாட்டிற்கே வந்தவர்களும் உண்டு. அவர்களுடைய வரலாறு நம் வீட்டு முற்றத்தோடு நெருங்கிய தொடர்புடையது.

நாற்காலியும் குறிப்பேடும்

மழலையர் ஆசிரியையாகப் பயிற்சி பெற அயல்நாடு செல்லும் நம் ஊர்ப் பெண்ணொருத்தியை எண்ணிப் பாருங்கள். மாண்டிசோரி முறையைப் பின்பற்றும் பயிற்சியில் அவள் சேர்ந்தால், அங்கே அவளுக்கு முதலில் தரப்படுவது சுண்ணக்கட்டியன்று. சுவரோரமாக ஒரு நாற்காலியும், கையில் ஒரு குறிப்பேடும்தான். குழந்தைகள் வேலை செய்யும் அறையில் பல மணி நேரம் வாய் பேசாமல் அமர்ந்து, கண்டதை மட்டும் அவள் எழுத வேண்டும். 'இவன் குறும்பன்', 'இவள் மந்தமானவள்' என்று எழுதினால் அது ஏற்கப்படாது. 'இவன் குவளையை மூன்று முறை எடுத்தான். இரு முறை நீரைச் சிந்தினான். துணி கொண்டு தானே துடைத்தான்' என்று எழுத வேண்டும். ஒரு குழந்தை தடுமாறும்போது எழுந்து ஓடி உதவ அவள் கை துடிக்கும். அந்தக் கையை அடக்கிக்கொள்வதே அவளுடைய முதற் பாடம்.

அடுத்து, பயிற்சிப் பொருள்கள் ஒவ்வொன்றையும் அவளே கையாளப் பழக வேண்டும். அரிசியை ஒரு குவளையிலிருந்து மற்றொரு குவளைக்கு ஊற்றுதல், பாயை விரித்துச் சுருட்டுதல், பித்தான் மாட்டுதல், தட்டினைச் சிந்தாமல் ஏந்தி வருதல் ஆகியவை அப்பாடங்கள். பட்டம் பெற்ற பெண் பாய் சுருட்டக் கற்பதா என்று அவளுக்கே முதலில் நகைப்பு வரக்கூடும். ஆனால், குழந்தை காணும்படியாக மெதுவாகவும், தேவையற்ற சொல் ஒன்றும் இன்றியும் அதைச் செய்வது எத்தனை கடினம் என்பதை அவள் விரைவில் உணர்வாள். ஒவ்வொரு பாடத்தையும் தன் கையாலேயே எழுதி, படம் வரைந்து, ஏடுகளாகத் தொகுக்க வேண்டும். தேர்ந்த ஆசிரியை ஒருவரின் கண்காணிப்பில் குழந்தைகளுக்குக் கற்பித்துக் காட்டவும் வேண்டும். இவற்றுக்குப் பின்னரே தேர்வும் சான்றிதழும்.

இவ்வளவும் எதற்காக? குழந்தைக்குக் கற்பிப்பதற்கு முன் குழந்தையைக் காணக் கற்க வேண்டும் என்பதற்காகவே. இதை முதலில் தானே கற்றவர் இத்தாலி நாட்டு மரியா மாண்டிசோரி அம்மையார்.

மூவரசர் திருநாளில் திறந்த இல்லம்

1870 ஆகஸ்ட் 31-இல் பிறந்த அம்மையார், 1896-இல் உரோமைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். அந்நாட்டில் மருத்துவரான முதற் பெண்களுள் அவரும் ஒருவர். அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளிடையே பணியாற்றியபோது, கையால் தொட்டுச் செய்யும் பயிற்சியால் அக்குழந்தைகளும் முன்னேறுவதை அவர் கண்டார்.

உரோமை நகரின் சான் லொரென்சோ பகுதி அக்காலத்தில் வறிய தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த இடம். பெற்றோர் வேலைக்குச் சென்றபின், பள்ளி வயதை எட்டாத சிறுவர்கள் புதுக் கட்டடங்களின் சுவர்களைப் பாழாக்கினர். அவர்களை ஓரிடத்தில் சேர்த்து வைத்துக் காக்க ஒருவர் வேண்டும் என்று கட்டடப் பொறுப்பாளர்கள் தேடினர். 1907 சனவரி 6-ஆம் நாள், மூவரசர் திருநாளன்று, அம்மையாரின் பொறுப்பில் முதல் 'குழந்தைகள் இல்லம்' திறக்கப்பட்டது. சுவரைக் காப்பதற்காகத் தொடங்கிய இல்லம், உலகெங்கும் மழலையர் கல்வியின் போக்கையே மாற்றியது.

அங்கே நிகழ்ந்தவை மிக எளியவை. மரக்கட்டையின் குழிகளில் உருளைகளைப் பொருத்தும் வேலையில் ஆழ்ந்திருந்த மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, சுற்றிலும் ஆரவாரம் எழுந்தபோதும் நிமிர்ந்து பார்க்காமல் அதை நாற்பது முறைக்கு மேல் செய்தாள். ஒரு நாள் அம்மையார், ஓசையின்றி மூக்கைத் துடைத்துக்கொள்வது எப்படி என்று காட்டினார். குழந்தைகள் மகிழ்ந்து கைதட்டினர். மூக்கு ஒழுகுவதற்காக நாள்தோறும் ஏச்சுக் கேட்ட குழந்தைகள் அவர்கள். ஏசாமல் கற்றுக்கொடுத்தவர் அன்றுவரை ஒருவரும் இல்லை.

மற்றொரு நாள், கூரைத் தளத்தில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் சுண்ணக்கட்டியால் புகைபோக்கியின் படம் வரைந்துகொண்டிருந்தான். சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவிப் பழகியிருந்தானேயன்றி, எழுதும்படி அவனை யாரும் ஏவியதில்லை. திடீரென்று, தனக்கு எழுதத் தெரியும் என்று கூவியபடி தரையில் ஒரு சொல்லை எழுதினான். இத்தாலிய மொழியில் அச்சொல்லின் பொருள் 'கை' என்பதாகும். கையைப் பழக்கியபின் எழுத்து தானே வந்தது.

கத்தோலிக்கரான அம்மையார் தம் முறையை மறைக்கல்விக்கும் விரிவாக்கினார். ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரில் குழந்தைகளின் உயரத்திற்கேற்ற சிறு சிற்றாலயம் அமைக்கப்பட்டது. நற்கருணைக்குரிய அப்பத்திற்கும் இரசத்திற்குமாகக் கோதுமையையும் திராட்சையையும் அங்கே குழந்தைகளே பயிரிட்டனர்.

ஓலைக் கொட்டகையில் வகுப்பு

இத்தாலியில் முசோலினியின் ஆட்சியோடு பிணங்கியதால் அம்மையாரின் பள்ளிகள் மூடப்பட்டன. 1936-இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டதால் பார்சிலோனாவையும் விட்டு அவர் வெளியேறினார். இந்நிலையில் சென்னை அடையாற்றிலிருந்து அழைப்பு வந்தது. பிரம்மஞான சபையின் தலைவராக விளங்கிய ஜார்ஜ் அருண்டேலும் அவருடைய துணைவியார் ருக்மிணி தேவியும் அழைத்தனர். அழைத்தோரின் சமயம் வேறு, வந்தவரின் சமயம் வேறு. குழந்தையின் மீதிருந்த அக்கறை அவர்களை ஒன்றுசேர்த்தது.

1939 நவம்பரில், தம் அறுபத்தொன்பதாம் வயதில், அம்மையார் மகன் மரியோவுடன் சென்னை வந்தடைந்தார். சில மாதங்கள் தங்குவதே திட்டம். ஏறத்தாழ 300 ஆசிரியர் மாணவர்கள் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் திரண்டனர். ஓலைக் கொட்டகைகளில் வகுப்பு நடைபெற்றது. அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார். மரியோ அதை ஆங்கிலத்தில் பெயர்த்துரைப்பார். அமர்ந்திருந்தவர்களுள் பெரும்பாலோருக்கு ஆங்கிலமும் தாய்மொழியன்று. இரு மொழிகளைக் கடந்து வந்த அப்பாடத்தை அவர்கள் தத்தம் ஊர்க் குழந்தையின் மொழியில் மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது.

1940 சூன் மாதத்தில் இத்தாலி போரில் இறங்கியது. பிரிட்டிஷ் அரசின் பார்வையில் தாயும் மகனும் பகை நாட்டினராயினர். மரியோ காவல் முகாமுக்கு அனுப்பப்பட்டார். அம்மையார் அடையாற்று வளாகத்தைவிட்டு வெளியேறலாகாது என்று கட்டளை பிறந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 31-இல் அவருக்கு எழுபது வயது நிறைந்தது. அந்நாளுக்குரிய பரிசாக, வைசிராயின் ஆணைப்படி மகன் அவரிடம் திருப்பி அனுப்பப்பட்டார். நாடும் பள்ளிகளும் இழந்த நிலையிலும் அம்மையார் வகுப்புகளை நிறுத்தவில்லை. 1946 வரை நம் நாட்டில் தங்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களை அவர் பயிற்றுவித்தார்.

மலையூரில் மாணவியான ஆசிரியை

1942 முதல் 1944 வரை அம்மையார் கோடைக்கானலில் தங்கினார். இலங்கையிலிருந்து வந்து அவரிடம் பயின்ற லேனா விக்ரமரத்ன என்னும் ஆசிரியையின் துணையோடு அங்கே ஒரு சிறு பள்ளி நடைபெற்றது. அயல்நாட்டில் கற்கச் சென்ற ஓர் ஆசிரியை மாணவி, தன் ஆசிரியையோடு தோளோடு தோள் நின்று குழந்தைகளைக் கவனித்த காட்சியை அங்கே காண்கிறோம். பிற்காலத்தில் இவரே அமெரிக்கா சென்று ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார்.

அப்பள்ளியில் சிறியவரும் பெரியவரும் கலந்து பயின்றனர். சுற்றிலும் மலை, செடி கொடிகள், ஓடைகள், பூச்சிகள். குழந்தைகள் கொண்டுவந்து காட்டியவற்றிலிருந்தே பாடங்கள் பிறந்தன. மண்ணும் நீரும் செடியும் உயிரும் மனிதனும் ஒன்றையொன்று சார்ந்திருப்பதைக் குழந்தைக்கு உணர்த்தும் கல்வி முறை இக்காலத்தில்தான் முழு உருப்பெற்றது. இன்று உலகெங்கும் மாண்டிசோரிப் பள்ளிகளில் ஆறு வயதுக்கு மேற்பட்டோருக்குக் கற்பிக்கப்படும் பாடங்களின் அடித்தளம் நம் மேற்கு மலைத்தொடரைச் சார்ந்த ஓர் ஊரில் இடப்பட்டது என்பது நம்மவர் பலருக்குத் தெரியாத செய்தி.

இன்னுமொன்று. அம்மையார் ஐரோப்பாவில் பெரும்பாலும் மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளிடையே பணியாற்றியவர். நம் நாட்டில் வாழ்ந்த ஆண்டுகளில் பிறந்த குழந்தை முதல் மூன்று வயது வரையுள்ள பருவத்தின்மீது அவர் கருத்தைச் செலுத்தினார். அதன் பயனாக எழுந்ததே 'உள்வாங்கும் மனம்' என்னும் கருத்தை விளக்கும் அவருடைய புகழ்பெற்ற நூல். அது முதலில் அச்சேறியதும் 1949-இல் அடையாற்றில்தான். தாயோடு எங்கும் செல்லும் குழந்தை, சந்தையில் தாய் பேரம் பேசுவதையும் விற்பவரின் முகத்தையும் கையசைவையும் கண்டு, சொல்லின் பொருளைத் தானே பற்றிக்கொள்கிறது என்று அதில் அவர் எடுத்துக்காட்டினார். இடுப்பில் குழந்தையோடு பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி வாங்கும் தாய்க்கு இது புதிய செய்தியன்று. ஆனால், தான் சுமந்து செல்வது ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் பயிலும் மாணவனை என்பதை அவள் எண்ணியிருக்கமாட்டாள்.

ஆசிரியையாக வந்தவர் மாணவியானார். எழுபது வயதைக் கடந்தும் நாற்காலியும் குறிப்பேடுமாக அவர் அமர்ந்திருந்ததால்தான் இது இயன்றது.

மணலில் எழுதிய விரல்

அம்மையாருக்கு முன்னரும் இத்தகைய மாணவர் ஒருவர் வந்ததுண்டு. ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்து நாட்டுப் போதகர், 1789 முதல் சென்னை எழும்பூரில் படைவீரரின் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை நடத்திவந்தார். ஒரு நாள் வழியில், உள்ளூர்ப் பள்ளியொன்றில் சிறுவர்கள் தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுத்துகளை எழுதுவதைக் கண்டார். அதைத் தம் இல்லத்தில் புகுத்த முயன்றபோது துணை ஆசிரியர் இணங்கவில்லை. ஆகவே, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடமே சிறியவர்களுக்குக் கற்பிக்கும் பணியை ஒப்படைத்தார். அது வெற்றி கண்டது. 1797-இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலின் வாயிலாக இம்முறை 'சென்னை முறை' என்னும் பெயரால் இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் பரவியது.

விரலால் தடவி எழுத்தறிதலும், மூத்த குழந்தை இளைய குழந்தைக்குக் கற்பித்தலும் மாண்டிசோரி இல்லங்களிலும் முதன்மையானவை. நம் திண்ணைப் பள்ளிகளில் அவை இருந்தன. ஆகவே, எல்லாம் நம்மிடமே இருந்தது என்று பெருமை பேசிவிடலாமா? அது முழு உண்மையாகாது. மணல் இருந்த அதே திண்ணையில் பிரம்பும் இருந்தது. குழந்தை தவறு செய்ததும் அடி விழுந்தது, காரணம் கேட்பாரில்லை. விரலுக்கு ஏற்ற மணலை நம் முன்னோர் கண்டனர். குழந்தையின் வேகத்திற்கு ஏற்பக் காத்திருக்கும் பொறுமையைப் பலர் காணவில்லை. அயல்நாட்டில் பயின்று திரும்பும் ஆசிரியை நமக்குக் கொண்டுவரும் புதுமை பளபளக்கும் மரப்பொருள்களில் இல்லை; அந்தப் பொறுமையில்தான் இருக்கிறது.

மூன்று வயதுக் கை

ஏன் காத்திருக்க வேண்டும்? மருத்துவர் கூறும் காரணம் ஒன்று உண்டு. மனிதனின் மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் உள்ளன. மூன்று வயதில் அவற்றுள் பல இன்னும் எலும்பாக இறுகாமல் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. விரல்களின் நுண்ணிய தசைகளும் அவ்வாறே வளர்ந்துகொண்டிருக்கின்றன. தமிழெழுத்துகளோ வளைவும் சுழியும் மிக்கவை. இந்தக் கையில் எழுதுகோலைத் திணித்துக் கோட்டுக்குள் எழுது என்று கட்டாயப்படுத்தினால், குழந்தை எழுத்தைக் கற்பதற்கு முன் எழுத்தை வெறுக்கக் கற்றுக்கொள்கிறது. கை வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத குழந்தை, வயிறு வலிக்கிறது என்று சொல்லிப் பள்ளிக்குச் செல்ல மறுக்கிறது. அதற்கு நாம் பிடிவாதம் என்று பெயரிடுகிறோம்.

எழுதுவதற்கு முன் கை பழக வேண்டும். அதற்கு விலையுயர்ந்த பொருள் எதுவும் தேவையில்லை. நம் பகுதியின் வீடுகளில் உள்ளவையே போதும்.

ஒரு சிறு சுளகில் மொச்சையையும் புளியமுத்தையும் தட்டைப்பயற்றையும் கலந்து, வெவ்வேறு சிரட்டைகளில் பிரித்திடச் சொல்லலாம். மூன்று விரல்களால் எடுத்தெடுத்து இடும் இவ்வேலையே பின்னர் எழுதுகோலைப் பிடிக்கும் பயிற்சியாகிறது. மூன்று வயது நிறையாத குழந்தைகள் விதைகளை வாயிலோ மூக்கிலோ இட்டுக்கொள்ளக்கூடும். அவர்களுக்குச் சிற்றாற்றில் பொறுக்கிய, வாயில் அடங்காத கூழாங்கற்களைக் கொடுக்கலாம். சிறு செம்பிலிருந்து சிரட்டைக்கு நீர் ஊற்றுதல், துண்டை மடித்தல், உள்ளி உரித்தல், முற்றத்தைச் சிறு விளக்குமாற்றால் கூட்டுதல் ஆகிய யாவும் பாடங்களே. குருத்தோலை ஞாயிறன்று ஆச்சியின் அருகில் அமர்ந்து ஓலைச் சிலுவை மடிக்கும் குழந்தையின் விரல்கள் எத்தனை நுட்பமாக இயங்குகின்றன என்பதைப் பார்த்திருப்பீர்கள். குழந்தை முடித்த பாதிச் சிலுவையை வாங்கி நாமே முடித்துவிடாமல் இருந்தால் போதும்.

பீடி சுற்றும் வீடுகளுக்கு ஒரு சொல். தாயின் மடியில் சுளகு, அருகே குழந்தை. அம்மா இருபத்தைந்து இருபத்தைந்தாக எண்ணிக் கட்டும்போது குழந்தையும் எண்ணப் பழகுகிறது, அது நன்றே. ஆனால், புகையிலைத் தூள் குழந்தையின் மூச்சுக்குக் கேடு. ஆகவே, குழந்தையைச் சற்றுத் தொலைவில் அமர்த்தி, அதற்கென்று வேறொரு சுளகும் விதைகளும் கொடுப்பது நலம். குழந்தைக்கும் தாயைப் போலவே ஒரு வேலை கிடைத்த மகிழ்ச்சி உண்டாகும்.

சொற்களைக் கற்பிக்கவும் எளிய வழியொன்று உண்டு. செகுவென் என்னும் பிரெஞ்சு மருத்துவர் வகுத்ததை மாண்டிசோரி அம்மையார் கையாண்டார். அது மூன்று படிகளை உடையது. குற்றாலத்தில் சாரற் காலத்தில் கிடைக்கும் இரண்டு பழங்களை எடுத்துக்கொள்வோம். மங்குஸ்தானைத் தொடச் செய்து, "இது வழவழப்பு" என்றும், ரம்புத்தானைத் தொடச் செய்து, "இது சொரசொரப்பு" என்றும் கூறுவது முதற்படி. "வழவழப்பானதை எடு" என்பது இரண்டாம் படி. ஒன்றைக் காட்டி, "இது எப்படி இருக்கிறது?" என்று கேட்பது மூன்றாம் படி. குழந்தை தவறாக எடுத்தால் திருத்தவோ கடிந்துகொள்ளவோ கூடாது. இன்னும் நேரம் வரவில்லை என்று கொண்டு, மற்றொரு நாள் முதற்படியிலிருந்து தொடங்க வேண்டும். தென்காசிக் குழந்தைக்குச் சாரலுக்கும் தூறலுக்கும் மழைக்கும் உள்ள வேறுபாட்டை யாரும் பாடமாக நடத்தியதில்லை; நனைந்தே அது கற்றது. ஏனையவற்றையும் அவ்வாறே கற்கும்.

நம் தெருவிலுள்ள ஆசிரியை

இதெல்லாம் வசதி படைத்தவர்க்கே இயலும் என்று ஒருவர் கூறலாம். இதே கவலையைக் காந்தியடிகள் 1931-இல் இலண்டனில் மாண்டிசோரி பயிற்சிக் கல்லூரியில் பேசியபோது வெளியிட்டார். செல்வர் வீட்டுக் குழந்தைகளுக்கு மட்டுமன்றி ஏழையரின் குழந்தைகளுக்கும் இத்தகைய பயிற்சி கிட்ட வேண்டும் என்பது அவரது விருப்பம். அதை நிறைவேற்ற முனைந்தவர்களுள் தாராபாய் மோடக் அம்மையார் தலைசிறந்தவர். குஜராத்தில் கிஜுபாய் பதேக்காவுடன் பணியாற்றிய இவர், பின்னர் அனுதாய் வாக் என்னும் தோழியருடன் மகாராட்டிரத்தின் போர்டியிலும் கோஸ்பாட் மலையிலும் பழங்குடி மக்களிடையே குழந்தைப் பள்ளிகளை நடத்தினார். குழந்தைகள் பள்ளிக்கு வரவில்லையெனில் பள்ளி அவர்களுடைய முற்றத்திற்குச் சென்றது. கல், விதை, இலை, களிமண் ஆகியவையே அங்கே பயிற்சிப் பொருள்களாயின.

'அங்கன்வாடி' என்னும் பெயரிலேயே முற்றம் இருக்கிறது. மீனா சுவாமிநாதன் தலைமையிலான ஆய்வுக் குழு, பள்ளி வயதுக்கு முற்பட்ட குழந்தைகளின் வளர்ச்சி பற்றி 1972-இல் அறிக்கை அளித்தது. 1975 அக்டோபர் 2-ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாட்டின் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்டது. தமிழகத்தில் 1982 சூலை மாதத்தில் சத்துணவுத் திட்டம் தொடங்கியபோது சிற்றூர்தோறும் குழந்தைகள் மையங்கள் பெருகின. 2019-இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடி மையங்களில் மழலையர் வகுப்புகளும் தொடங்கப்பட்டன. 2002-ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம், ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கல்வியை உரிமையாக்கியது. ஆறு வயதுக்குட்பட்டோருக்கோ, கல்வியும் கவனிப்பும் அளிக்க அரசு முயல வேண்டும் என்று மட்டும் கூறியது. உரிமைக்கும் முயற்சிக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியை நிரப்ப வேண்டியவர்கள் பெற்றோரும் ஊராருமே.

நாமோ அம்மையத்தைச் சோறு போடும் இடமாக மட்டுமே எண்ணுகிறோம். அங்கே பணிபுரியும் பெண்ணை ஆசிரியை என்று அழைக்கவும் நமக்கு மனம் வருவதில்லை. எடை பார்த்தல், உணவு சமைக்கச் செய்தல், பதிவேடுகள் எழுதுதல் எனப் பல பணிகளுக்கிடையே அவர் குழந்தைகளுக்குப் பாட்டும் கதையும் கற்பிக்கிறார். 'எழுத்துக் கற்றுத் தருவதில்லை' என்று குறை கூறிக் குழந்தையை அங்கிருந்து எடுத்து, வீட்டுப்பாடம் தரும் ஆங்கிலப் பள்ளியில் கடன்பட்டுச் சேர்க்கிறோம். அங்கன்வாடிகள் யாவும் குறையற்றவை என்று கூற வரவில்லை. குறையிருப்பின் கேட்க வேண்டும். ஆனால், கேட்பது சரியான கேள்வியாக இருக்க வேண்டும். விளையாடப் போதிய இடமும், கையால் செய்யப் பொருள்களும், குழந்தையோடு பேச ஆசிரியைக்கு நேரமும் உண்டா என்று கேட்க வேண்டுமேயன்றி, எத்தனைப் பக்கம் எழுதினார்கள் என்றன்று.

பெற்றோரே முதன்மையான ஆசிரியர் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை நமக்கு நினைவூட்டுகிறது. பள்ளி அவர்களுக்குத் துணையே. ஆகவே, ஆசிரியை மாணவி அயல்நாட்டில் கற்கும் முதற் பாடத்தை நாமும் இல்லத்தில் கற்கலாம், கப்பலேற வேண்டியதில்லை. நாள்தோறும் பத்து நிமிடம், கைகளை மடியில் வைத்துக்கொண்டு, நம் குழந்தை ஒரு வேலையில் ஈடுபட்டிருப்பதைப் பேசாமல் பார்ப்போம். அது சட்டைப் பித்தானோடு போராடினால், பள்ளிக்கு நேரமாகிறது என்று பறித்து நாமே மாட்டிவிடாமல், ஐந்து நிமிடம் முன்னதாகத் தொடங்குவோம். அது எதில் நிலைத்திருக்கிறது, எதை மீண்டும் மீண்டும் செய்கிறது, எங்கே தடுமாறுகிறது என்பதைக் கவனிப்போம்.

வார இறுதியில், நாம் கண்டதை அங்கன்வாடி ஆசிரியையிடமோ பள்ளி ஆசிரியையிடமோ சென்று சொல்வோம். அவர் கண்டதையும் கேட்போம். முப்பது குழந்தைகளை நாள் முழுதும் பார்த்துக்கொண்டிருக்கும் அவரிடம், 'என் பிள்ளையிடம் நீங்கள் என்ன கண்டீர்கள்?' என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. கேட்டுப் பாருங்கள். அவரிடம் சொல்வதற்கு நிறைய இருக்கும்.